மரபணு மாற்றம் தற்செயல் என்றால் பரிணாமம் மட்டும் எப்படித் தற்செயல் இல்லை?

"குருட்டாம்போக்கில் நடக்கும் மாற்றத்திலிருந்து சூழலுக்கு ஏற்ற உடல் எப்படி அமையும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றம்தான் குருடு, எது மிஞ்சும் என்பது குருடு இல்லை.

எங்கள் ஆனைகட்டியைத் தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி. அங்குள்ள இருளர் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-லேயே இது பதிவாகியிருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினுக்கான மரபணுவில், அதாவது அதற்கான டிஎன்ஏ வாசகத்தில், ஒரே ஓர் எழுத்து பிசகி, ஏ (A) இருக்க வேண்டிய இடத்தில் டி (T) வந்துவிடுகிறது. அதனால் புரதத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் உட்கார்ந்துகொள்கிறது. மலேரியாவை எதிர்பார்த்து வந்த பிசகு அல்ல இது. டிஎன்ஏவில் நேரும் சாதாரணப் பிழை.

அப்புறம்தான் இயற்கைத் தேர்வு, அதாவது எது மிஞ்சும் என்பது. இந்தப் பிழை அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தால் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்து ஆளை வாட்டி எடுக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. கடும் மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பும் கிடைக்கும். மலேரியா மலிந்த இடங்களில் அப்படிப்பட்ட குழந்தைகளே அதிகம் தப்பிப் பிழைத்து, பிள்ளைகளும் பெற்றார்கள். பிழையும் அவர்களோடு தங்கிவிட்டது.

மலேரியா இல்லாத ஊரில் இதே மரபணு வெறும் நஷ்டம். பரிணாமம் என்றாலே முன்னேற்றம் என்று பேசுபவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன்.