கோதுமையும் மக்காச்சோளமும் வேற்றுக்கிரகவாசிகள் கொண்டுவந்து கொடுத்தவையாமே, உண்மையா?

இல்லை. இரண்டுக்கும் தாய்ப்புல் இந்தப் பூமியில்தான் இருக்கிறது. இன்றைக்கும் காட்டில் தானாக முளைக்கிறது.

வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் சுற்றுகிற வாதம் இதுதான்: "இந்தப் பயிர்களுக்குக் காட்டில் மூதாதையே கிடையாது. அப்படியானால் வானத்திலிருந்துதானே வந்திருக்க வேண்டும்?" இது புதிய கதையும் அல்ல. பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1888-இல் வெளியிட்ட தம் நூலில் இதையே எழுதினார். கோதுமை காட்டில் எங்கும் காணப்பட்டதில்லை, அது பூமியின் விளைபொருளே அல்ல என்றார். நம் அடையாறில் தலைமையகம் உள்ள அதே சபைதான்.

ஆனால் அவர் அதை எழுதியபோதே பதில் வியன்னா அருங்காட்சியகத்தில் இருந்தது. சிரியா-லெபனான் எல்லையிலுள்ள ஹெர்மோன் மலைப் பகுதியில் 1855-இல் சேகரித்த காட்டுக் கோதுமைக் கதிர் ஒன்று, காட்டு பார்லி மாதிரிகளோடு கலந்து கிடந்தது. கூர்நிக்கே என்ற ஜெர்மன் தாவரவியலாளர் அதை அடையாளம் கண்டு 1889-இல் அறிவித்தார். பிறகு 1906-இல் ஆரோன் ஆரோன்சன் என்ற தாவரவியலாளர் கலிலேயாவின் ரோஷ் பினா அருகே பாறை இடுக்கில் அந்தச் செடியை உயிரோடேயே கண்டுபிடித்தார். அதுதான் காட்டு எம்மர். நம் ஊரில் சம்பா கோதுமை என்று உப்புமாவும் கஞ்சியும் செய்கிறோமே, அது இந்த எம்மரின் நேர் வாரிசு.

காட்டு எம்மரின் கதிர் முற்றியதும் உடைந்து மணிகள் மண்ணில் கொட்டிவிடும். அறுக்கப் போகிறவர் கைக்கு வருவது பெரும்பாலும் உடையாமல் நிற்கிற கதிர்கள். அடுத்த விதைப்புக்குப் போவதும் அவைதான். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்ததில் மணி கொட்டாத கோதுமை நிலைத்தது. அப்புறம் வயலோரத்துக் களையான ஒரு காட்டுப் புல்லோடு அது தானாகக் கலந்து, இன்று சப்பாத்தி மாவு தருகிற கோதுமை பிறந்தது. 1940-களில் அமெரிக்காவில் மெக்ஃபேடனும் சியர்ஸும் இந்தக் கலப்புச் சேர்க்கையைத் தாங்களே செய்து பார்த்தார்கள். பழைய ஐரோப்பிய வகையான ஸ்பெல்ட் கோதுமையைப் போன்ற செடியே கிடைத்தது.

மக்காச்சோளத்தில் சந்தேகம் வருவதற்கு நியாயம் உண்டு. அதன் மூதாதையான தியோசிந்தே என்ற மெக்சிகோ புல்லைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு கதிருக்குப் பத்துப் பன்னிரண்டு மணிகள்தான், ஒவ்வொன்றும் கல் போன்ற ஓட்டுக்குள் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றே, கலந்தால் வளமான விதையும் வரும். நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் பீடில் இரண்டையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் சுமார் 50,000 செடிகளை வளர்த்துப் பார்த்தார். ஏறக்குறைய 500-க்கு ஒன்று அசல் மக்காச்சோளம் போலவும், அதே அளவு அசல் தியோசிந்தே போலவும் வந்தன. நாலைந்து முக்கிய மரபணுக்கள் மாறினாலே இவ்வளவு பெரிய உருமாற்றம் சாத்தியம் என்று இதிலிருந்து தெரிந்தது. அந்தக் கடினமான ஓடு நீங்கியதற்கு ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. இது நடந்தது சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில்.

எனக்குக் கோபம் வருகிற இடமும் இதுதான். எழுத்தும் இரும்பும் இல்லாத காலத்தில், நல்ல கதிரை விதைக்கு எடுத்துவைத்த பெண்களும் ஆண்களும் செய்த வேலை இது. அவர்களால் இது முடிந்திருக்காது என்று நினைப்பவர்கள்தான் வேற்றுக்கிரகவாசியைத் தேடிப் போகிறார்கள்.

வாழைப்பழத்தில் விதை இல்லையே என்று கேட்பவர்களுக்கு: மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டு வாழை இன்றும் உண்டு. பழத்தை உரித்தால் உள்ளே கருப்பு விதைகள் நிறைந்திருக்கும்.

இந்த வரிசையில் பேய்க்கணவாயையும் (ஆக்டோபஸ்) சேர்க்கிறார்கள். அதன் முட்டைகள் விண்வெளியிலிருந்து உறைந்த நிலையில் வந்திருக்கலாம் என்று 2018-இல் ஒரு கட்டுரை வெளியானது உண்மை. ஆனால் பேய்க்கணவாயின் மரபணுத் தொகுதியை அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2015-இல், படித்து வெளியிட்டுவிட்டார்கள். நத்தை, சிப்பி, கணவாய் இருக்கிற அதே மெல்லுடலிக் குடும்பம்தான் அது.