மனிதன் பேயாக மாறும் மேக்கப்பை எத்தனை கட்டமாகப் பிரிப்பது? முகத்தில் ஒட்டிய சிலிகான் துண்டின் ஓரம் கேமராவில் தெரியாமல் இருக்க என்ன செய்வது?

முதலில் கடைசி முகத்தை வரையுங்கள், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். பெரும்பாலும் நான்கு கட்டம் போதும். முதல் கட்டத்துக்கு ஒட்டுத் துண்டே வேண்டாம்: கண்ணோரச் சிவப்பு, வெளிறிய உதடு, நெற்றியில் ஆல்கஹால் பெயின்ட்டில் நீல நரம்பு. அடுத்த இரண்டு கட்டத்தில் புருவமேடு, கன்ன எலும்புக்குத் துண்டு ஒட்டுங்கள். பல், லென்ஸ் எல்லாம் கடைசிக்கு (கண் மருத்துவர் அளவு பார்க்காத லென்ஸ் வேண்டவே வேண்டாம்).

துண்டைக் களிமண்ணில் செதுக்கி, அச்செடுத்து, பிளாட்டினம் சிலிகானில் (பிளாட்டினம் சேர்மத்தால் இறுகும் வகை) வார்ப்பதுதான் வழி; அந்தக் களிமண்ணில் கந்தகம் இருந்தால் சிலிகான் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். லேடெக்ஸ் கையுறையும் அதே வேலையைச் செய்யும், வினைல் போடுங்கள்.

ஓரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. செதுக்கும்போதே காகிதத்தைவிட மெலிதாக இறக்கிவிடுங்கள். ஒட்டும்போது நடுவிலிருந்து வெளியே வாருங்கள். சிலிகான் துண்டைச் சுற்றியுள்ள மெல்லிய பிளாஸ்டிக் உறை ஆல்கஹாலில் கரையும் வகை என்றால், பஞ்சுக் குச்சியில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு, பிழிந்து, விளிம்பின் மேல் வெளிப்பக்கமாக உருட்டுங்கள்; தோலோடு கரைந்துவிடும். தேய்த்தால் சுருண்டு கோடாகத் தெரியும், மேலே எவ்வளவு நிறம் பூசினாலும் மறையாது.

கழற்றும்போது அந்த ஓரம் கிழியும். அதனால் ஒரு துண்டு ஒரு நாளுக்குத்தான். படப்பிடிப்பு நாள் எத்தனையோ அத்தனை வார்த்து, கூட ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.