யாரைக் கேட்டாலும் ஒரு பதில்

கேள்வி: ரங்கூனில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மோல்மேனில் இருக்கும் அண்ணன் தன் கடையைப் பார்த்துக்கொள்ள வரச் சொல்கிறார். ஒருவர் போ என்கிறார், இன்னொருவர் போகாதே என்கிறார். எந்த விஷயத்திலும் என்னால் துணிந்து முடிவெடுக்க முடியவில்லை.
வாசகி, ரங்கூன்

பதில்: முதலில் ஊரைக் கேட்பதை நிறுத்துங்கள், சகோதரி. அவரவர் பயத்தைத்தான் உங்களிடம் சொல்கிறார்கள். ஆகச் சிறந்த வழியைத் தேடிக்கொண்டே இருந்தால் தேடல் முடியாது. எல்லாத் தகவலும் யாருக்கும் கிடைக்காது, அதனால் நமக்குப் போதுமானது எது என்று வகுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வழி வந்ததும் எடுத்துக்கொள்வதுதான் மனித இயல்பு என்று விளக்கியவர் 1978இல் பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன். இன்று இரவே நோட்டில் எழுதுங்கள்: மாதம் கையில் எவ்வளவு நிற்க வேண்டும், அண்ணன் தருவது சம்பளமா பங்கா, அண்ணியோடு ஒரே வீட்டில் இருக்க முடியுமா (இதைத்தான் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவோம், மனக்கசப்பு வருவதும் இதில்தான்). அப்புறம் அண்ணனிடமே நேராகப் பேசுங்கள். முதலாளி லீவு கொடுத்தால் சில வாரம் அந்தக் கடையில் உட்கார்ந்து பாருங்கள். திரும்பி வர வழி உள்ள முடிவுக்கு இத்தனை பயம் வேண்டாம். ஒரு தேதி குறித்து, அன்றைக்குப் போகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுங்கள்.