புது விடைக்கோழியை மற்றவை துரத்தினால்

சந்தையில் வாங்கிய விடைக்கோழியை, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டையை, வீட்டிலிருக்கும் ஐந்து கோழிகளும் கொத்தி விரட்டுகின்றன, அது துவைக்கிற கல்லுக்குப் பின்னாலேயே ஒடுங்கிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாக வந்ததைக் கொத்துவது கோழிகளின் வழக்கம், அதை முழுக்க நிறுத்த முடியாது. ஆனால் ரத்தம் வந்தால் உடனே பிரித்துவிடுங்கள், சிவப்பைப் பார்த்தால் மற்றவை அங்கேயே விடாமல் கொத்தும்.

சந்தைக் கோழியை முதலில் இரண்டு மூன்று வாரம் தள்ளி வைப்பதுதான் நல்லது, அதிலிருந்து வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் வந்தால் மொத்தமும் போய்விடும். ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள், சரி, எச்சத்தைக் கவனியுங்கள், தடுப்பூசி பற்றிக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

இனி பகலில் அதைப் பஞ்சாரத்தில், அதாவது கோழியை மூடிவைக்கும் கூடையில் போட்டு, முற்றத்து நிழலில் மற்றவை மேயும் இடத்திலேயே கவிழ்த்து வையுங்கள், உள்ளே தண்ணீர் இருக்கட்டும். பெரியவை சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் அலுத்துப்போகும். அப்புறம் திறந்துவிடும்போது குருணையை ஒரே தட்டில் வைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி இறைத்துவிடுங்கள். இருட்டியதும் அதன் கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள்: உருண்டு இருந்தால் தின்றிருக்கிறது, தொளதொளவென்று இருந்தால் மறுநாள் காலையில் தனியாகத் தீனி வைத்துவிட்டு விடுங்கள்.