இம்போர்ட் செய்தால் பொத்தான் இயங்க மறுக்கிறது

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் கற்று வருகிறேன். பொத்தானை அழுத்தினால் வட்டி கணக்கிடும் ஃபங்ஷனைத் தனிக் கோப்பாகப் பிரித்து, முதன்மைக் கோப்பில் இம்போர்ட் செய்தேன். 'மாட்யூலுக்கு வெளியே இம்போர்ட் பயன்படுத்த முடியாது' என்று பிழை வந்தது. ஸ்கிரிப்ட் டேகில் டைப் என்பதற்கு மாட்யூல் என்று கொடுத்ததும் அது மறைந்து, கார்ஸ் கொள்கை தடுக்கிறது என்று குரோம் சொல்கிறது. ஹெச்டிஎம்எல் கோப்பை டபுள் கிளிக் செய்துதான் திறக்கிறேன். என் நிரலில் என்ன தவறு?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: முதல் பிழையை நீங்களே சரியாகத் தீர்த்துவிட்டீர்கள். இரண்டாவதற்குக் காரணம் நிரல் அன்று, பக்கத்தைத் திறந்த விதம். டபுள் கிளிக் செய்தால் முகவரிப் பட்டையில் 'ஃபைல்' என்று தொடங்கும் முகவரி வரும். அவ்வாறு திறந்த பக்கத்துக்குப் பிரவுசர் எந்த மூலத்தையும் (ஒரிஜின், அதாவது எந்தத் தளத்திலிருந்து வந்தது என்ற அடையாளம்) ஒப்புக்கொள்வதில்லை என்பதால், அருகிலேயே இருக்கும் கோப்பும் அதன் பார்வையில் அயலாருடையதே. வேறு மூலத்துக் கோப்பை எடுக்க அனுமதி உண்டா என்று பார்ப்பதே கார்ஸ். பழைய பாணி ஸ்கிரிப்டுகளுக்கு இந்தச் சோதனை கிடையாது. மாட்யூல்களுக்கு, அதாவது இம்போர்ட் செய்து இணைக்கும் கோப்புகளுக்கு, எப்போதும் உண்டு.

ஆகவே உங்கள் கணினியிலேயே இயங்கும் ஒரு லோக்கல் சர்வர் வேண்டும். விஎஸ் கோட் எடிட்டரில் லைவ் சர்வர் என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துக்கொள்வது எளிது. பைத்தானோடு வரும் சிறிய சர்வரும் போதும். அது வழக்கமாக 8000 என்ற போர்ட்டில் இயங்கும். ஆனால் சில விண்டோஸ் கணினிகளில் அது ரெஜிஸ்ட்ரியில் உள்ள தவறான பதிவைப் படித்து, ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை வெறும் உரை என்று அறிவித்து அனுப்பிவிடும். பிரவுசரோ மாட்யூலின் மைம் டைப் (கோப்பு எந்த வகை என்று சர்வர் தரும் அறிவிப்பு) பிசகினால் அதை இயக்காது.

சர்வர் வழியே திறந்த பின்னும் பிழை வந்தால், இம்போர்ட் வரியில் எழுதிய பாதையைப் பாருங்கள். பிரவுசருக்கு அது ஒரு முகவரி; அதை எழுத்துப் பிசகாமல் அப்படியே சர்வரிடம் கேட்கும். அதே கோப்புறையில் உள்ள கோப்பானால் புள்ளியும் சாய்கோடும் முன்னால் வர வேண்டும், ஜேஎஸ் என்ற பின்னொட்டும் இருக்க வேண்டும். இணையப் பாடங்கள் பலவற்றில் பின்னொட்டு இல்லாததற்குக் காரணம், அவை வீட் (Vite), வெப்பேக் போன்ற, கோப்புகளைத் தொகுத்துத் தரும் கருவிகளை நம்பி எழுதப்பட்டவை. விடுபட்டதை அக்கருவிகள் ஊகித்து நிரப்பும், பிரவுசர் நிரப்பாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது என்பதால் உங்கள் கணினியில் ஓடியது, லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்று நிற்கலாம்.

சந்தேகம் தீராவிட்டால் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, அந்தக் கோப்புக்கு வந்த பதிலைச் சொடுக்கிப் பாருங்கள். 200 (வெற்றி) என்று பச்சை காட்டினாலும் ஏமாறாதீர்கள். கோப்பு இல்லாதபோது முகப்புப் பக்கத்தையே அனுப்பும் சர்வர்கள் உண்டு. உள்ளே ஹெச்டிஎம்எல் தெரிந்தால் பாதை தவறு என்று பொருள்.

இவ்வளவும் சரியான பிறகும் உங்கள் பொத்தான் இயங்காமல் போகலாம். பொத்தானின் டேகிலேயே ஆன்கிளிக் என்று ஃபங்ஷன் பெயரை எழுதியிருந்தால், அந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை என்று பிழை வரும். மாட்யூலுக்குள் அறிவித்த பெயர்கள் பக்கம் முழுவதற்கும் பொதுவாவதில்லை. அதை நீக்கிவிட்டு, முதன்மைக் கோப்பிலேயே பொத்தானைத் தேடிப் பிடித்து, ஆட்ஈவென்ட்லிசனர் மூலம் ஃபங்ஷனை இணையுங்கள்.