எரியும் கன்னம்: ரோசேசியாவா என்று எப்படித் தெரியும்?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் வயல் வேலை செய்கிறேன். வயது 38. எட்டு மாதமாகக் கன்னமும் மூக்கும் எரிகின்றன, சின்னப் பருக்களும் உண்டு. பாமசியில் வாங்கிய கிரீம் பூசக் குறைந்தது, விட்டதும் இன்னும் கூடிவிட்டது. ரோசேசியாவாக (முகம் சிவந்து எரியும் நீடித்த தோல் நோய்) இருக்கலாமாம். எந்த இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?

பதில்: ரோசேசியாவைக் காட்டித்தரும் இரத்தப் பரிசோதனை கிடையாது. வைத்தியர் முகத்தைப் பார்த்து, விசாரித்துத்தான் முடிவு செய்வார். முகத்தின் நடுப்பகுதி விடாமல் சிவந்திருந்து இடையிடையே கூடினாலோ, மூக்குத் தோல் தடித்தாலோ அந்த ஒன்றே போதும். இல்லாவிட்டால் திடீரென முகம் சூடேறிச் சிவத்தல், பருக்கள், மெல்லிய இரத்தக்குழாய்க் கோடுகள், கண் உறுத்தல் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு வேண்டும்.

எங்கள் மாநிறத்தில் அந்தச் சிவப்பு பழுப்பாகவோ கருமையாகவோதான் தெரியும். வெயில் கறுப்பு என்று விட்டுவிடுவதும் அதனால்தான். வைத்தியர் கண்ணாடித் தகட்டால் கன்னத்தை அழுத்துவார். நிறம் மங்கி, எடுத்ததும் திரும்பினால் விரிந்த இரத்தக்குழாய். மங்காவிட்டால் பெரும்பாலும் நிறமி. வெயிலில் நின்றால், விறகடுப்பு ஊதினால், உறைப்புக் கறி சாப்பிட்டால் எரிவு கூடுகிறதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

கரும்புள்ளி முனைகள் இருந்தால் முகப்பருவின் பக்கம் சாயும். மூக்கோர மடிப்பை விட்டுவிட்டுக் கன்னமும் மூக்குத்தண்டும் சிவந்து, மூட்டுவலி, வாய்ப்புண்ணும் இருந்தால் லூப்பஸைச் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) சந்தேகிப்பார்கள். இரத்தமும் சிறுநீரும் சோதிப்பது அதற்காக. தொழுநோய் நம் நாட்டில் இன்னும் உள்ளதால் தடிப்பில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பஞ்சால் தொட்டும் பார்க்கலாம். தோல் துண்டு எடுப்பது இவற்றில் தெளிவு வராதபோது மட்டும்.

உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது அந்தக் கிரீம். பூசக் குறைந்து விடக் கூடுவது ஸ்டீரொய்ட் கிரீமின் குணம். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்றவற்றை முகத்தில் மாதக்கணக்காகப் பூசினால் அதுவே ரோசேசியா போன்ற பருக்களை உண்டாக்கும். திரும்பப் பூசாதீர்கள். வெறும் டியூப் என்றாலும் எறியாமல் கொண்டுபோங்கள். வெள்ளையாக்கும் கிரீம் பாவித்திருந்தால் அதையும்.

போகும் நாளில் பவுடர், சந்தனம் வேண்டாம். எரிவு கூடிய நேரத்தில் பகல் வெளிச்சத்தில், பில்டர் போடாமல் போனில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக் நாளில் முகம் அடங்கியிருந்தால் அந்தப் படம்தான் பேசும்.

கண்ணில் மண் விழுந்தது போல் உறுத்தினால் அதையும் சொல்லுங்கள். கண் வலித்தாலோ பார்வை மங்கினாலோ கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.