பன்னிரண்டாவது ஆட்டக்காரரின் வேலை

அன்புள்ள ஐயா,

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மகனின் உயரம் மூன்று இடங்களில் வருகிறது. பதினாறு வயதில் 188 சென்டிமீட்டர், இன்னும் வளர்வான் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சரி. ஆனால் அவன் என்ன படிக்கிறான், எப்படிப் படிக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமும் கூடைப்பந்துக்கே போகிறேன் என்று அவன் அடம்பிடிப்பதாகவும், இது பிழைப்புக்கு ஆகுமா என்று நீங்கள் தூக்கமில்லாமல் கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆகும், ஆகாது என்று ஒரே சொல்லில் பதில் கேட்டிருக்கிறீர்கள். என்னால் அப்படிச் சொல்ல இயலாது. எதைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவின் முதல்நிலைத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஓர் அணியில் முழு ஒப்பந்தத்தில் அதிகபட்சம் 15 பேர். ஆக 450 இடங்கள். அதோடு அணிக்கு மூன்று பேர் வரை, துணை லீகான ஜி லீகுக்கும் மேலே உள்ள அணிக்கும் போய்வரும் இருவழி ஒப்பந்தத்தில் இருக்கலாம். அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஆண்டுதோறும் நடக்கும். அதில் இரண்டு சுற்றுகளில் ஏறத்தாழ 60 பெயர்கள் வாசிக்கப்படும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முதல் பிரிவில் மட்டும் 350க்கு மேற்பட்ட ஆண்கள் அணிகள் இருக்கின்றன. அந்த அறுபதுக்கு அவர்களும் போட்டி, மற்ற நாடுகளிலிருந்து வருபவர்களும் போட்டி. புதியவன் ஒருவன் உள்ளே வந்தால், பழையவர் ஒருவர் வெளியே போகவேண்டும்.

பெயர் வாசிக்கப்பட்டால் வேலை கிடைத்துவிட்டது என்றும் பொருளில்லை. முதல் சுற்றில் வருபவருக்கு முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் அப்படி எந்த உறுதியும் கிடையாது. 2015இல் இந்தியாவின் சத்னம் சிங் 52ஆவது பெயராக வாசிக்கப்பட்டார். துணை லீகில் ஆடினாரே தவிர, என்.பி.ஏ. சீசனில் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை.

இந்தக் கணக்கைச் சொல்லி மகனைப் பயமுறுத்தப் பார்க்காதீர்கள், பலிக்காது. பதினாறு வயதில் எவனும் தன்னை இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவனாக நினைத்துக்கொள்வதில்லை. நினைக்கத் தொடங்கினால் அவனால் நன்றாக ஆடவும் முடியாது.

நீங்கள் இருவரும் செய்யும் தவறு வேறு. தொழில்முறைக் கூடைப்பந்து என்றால் என்.பி.ஏ. என்று அவன் நம்புகிறான். அதையே நீங்களும் நம்பிப் பயப்படுகிறீர்கள். ஸ்பெயின், துருக்கி, கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், ஆஸ்திரேலியா என்று எத்தனையோ நாடுகளில் சம்பளம் தரும் லீகுகள் உண்டு. பல நாடுகளில் அவற்றுக்குக் கீழே இரண்டாம், மூன்றாம் பிரிவுகளும் உண்டு. கீழே போகப்போகச் சம்பளம் குறையும். ஒரு கட்டத்துக்குப் பிறகு பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆடுகிறவர்கள்தான் இருப்பார்கள். அவர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்களே. இந்தத் தொழிலில் இருக்கும் பெரும்பாலோரின் வாழ்க்கை அங்கேதான் நடக்கிறது: ஓராண்டு ஒப்பந்தம், மொழி தெரியாத ஊர், கிளப் கொடுத்த சின்ன அடுக்ககம், காலையில் எடைப் பயிற்சி, மாலையில் ஒரே நகர்வை நாற்பது முறை, சனிக்கிழமை பஸ் பயணம், ஆட்டத்தில் எட்டு நிமிடம். மே மாதம் வந்தால் அடுத்த ஆண்டு எங்கே என்று தெரியாது.

ஆகவே அவனிடம் கேட்கவேண்டியது, 'உன்னால் லெப்ரான் ஜேம்ஸ் ஆக முடியுமா?' என்பதல்ல. பன்னிரண்டு பேர் அணியில் பன்னிரண்டாவது ஆளாக இருந்தால் இந்த வேலையைச் செய்வாயா என்று கேளுங்கள். யுடோனிஸ் ஹாஸ்லெமைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள். 2002 டிராஃப்டில் யாரும் அவரை எடுக்கவில்லை. பிரான்ஸில் ஓராண்டு ஆடினார், உடல் எடையைக் குறைத்தார், 2003இல் மயாமி ஹீட் அணியில் சேர்ந்தார். இருபது சீசன்கள் அதே அணி, மூன்று கோப்பைகள். 2020-21 சீசனில் அவர் களமிறங்கியது ஒரே ஓர் ஆட்டத்தில், அதுவும் மூன்று நிமிடத்துக்குள் நடுவர் வெளியேற்றிவிட்டார். இருந்தும் அணி அவரை விடவில்லை. அவருடைய பயன் பெஞ்சிலும் உடைமாற்றும் அறையிலும் இருந்தது.

இது தத்துவம் அல்ல, ஆள் எடுப்பவர்கள் உண்மையிலேயே பார்க்கும் விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிப் போட்டியில் ஸ்கவுட் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. புள்ளிகளை அள்ளிக்கொண்டிருந்த நெட்டைப் பையனை மாற்றினார்கள். துண்டைத் தரையில் வீசிவிட்டுப் பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தான். அடுத்து இன்னொருவனை மாற்றினார்கள். அவன் வெளியே வரும்போது, உள்ளே போகிறவனின் கையைப் பிடித்து நிறுத்தி, எதிரணியின் 9ஆம் எண் ஆட்டக்காரனைக் காட்டி, தன் இடக்கையை இரண்டு முறை தட்டிக் காட்டினான். அவன் எப்போதும் இடப்பக்கமே போகிறான், கவனி என்று பொருள். பக்கத்தில் இருந்தவரின் தாளில் அதுவரை எதுவும் எழுதப்படவில்லை. அப்போதுதான் பேனாவைத் திறந்தார். எழுதியது இரண்டாமவனின் எண்ணை.

உயரத்தைப் பற்றி ஒரே பத்தியில் முடித்துக்கொள்கிறேன், நீங்கள் போதுமான அளவு எழுதிவிட்டீர்கள். என்.பி.ஏ. ஆட்டக்காரர்களின் சராசரி உயரம் ஏறத்தாழ ஆறரை அடி. 5 அடி 3 அங்குலம் உயரமே இருந்த மக்ஸி போக்ஸ் பதினான்கு சீசன்கள் ஆடினார் என்பதும் உண்மை. ஆனால் அவரைப் போல இன்னொருவர் வரவில்லை. உங்கள் மகனுக்குப் பொருத்தமான உதாரணம் ஆந்தனி டேவிஸ். பள்ளியில் பந்தைக் கொண்டுசெல்லும் கார்டாக ஆடிக்கொண்டிருந்தவர், குறுகிய காலத்தில் மளமளவென வளர்ந்து 2012 டிராஃப்டில் முதல் பெயரானார். உயரம் வந்தபோது கையில் கார்டின் பந்துத்திறனும் இருந்தது. நெட்டையாக இருக்கிறான் என்று இப்போதே அவனைக் கூடைக்கடியில் நிறுத்தும் பயிற்சியாளர் அவனுக்கு நல்லது செய்யவில்லை. வளர்ச்சி நின்றுவிட்டால், 188 சென்டிமீட்டருக்கு அங்கே இடமில்லை.

மைக்கேல் ஜோர்டனையே பள்ளி அணியிலிருந்து நீக்கினார்கள் என்று அவன் உங்களிடம் வாதாடினானாம். முழு உண்மை அதுவல்ல. பத்தாம் வகுப்பில் அவரை மூத்தோர் அணியில் எடுக்காமல் இளையோர் அணியில் போட்டார்கள். அங்கே அந்த ஆண்டு முழுவதும் ஆடித் தீர்த்தார். இதில் உங்களுக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது: பெரிய அணியின் சீருடையோடு பெஞ்சில் இருப்பதைவிட, நிறைய நிமிடங்கள் ஆடக் கிடைக்கும் சின்ன அணி இந்த வயதில் மேல். 2014இல் 41ஆவது பெயராக வந்து, பின்னர் மூன்று முறை லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரரான நிகோலா யோகிச்சும் அதற்கு முன்பே செர்பியாவில் வயதில் மூத்த ஆட்டக்காரர்களோடு மோதிக்கொண்டிருந்தவர்.

இனி படிப்பு. உங்கள் மகன் பிடிவாதம் பிடிப்பது இங்கேதான், கணக்கு தப்புவதும் இங்கேதான். தொழில்முறை ஆட்டத்துக்குப் போகப் பெரிய வாசல்கள் இரண்டு. ஒன்று, ஐரோப்பிய வகை: கிளப்பின் இளையோர் பிரிவில் சேர்ந்து அங்கேயே மேலே வருவது. லூகா டோன்சிச் 13 வயதில் ரியல் மாட்ரிட் போனார், 16 வயதில் மூத்தோர் அணிக்காக ஆடினார். இப்படிப் போகிறவர்கள் மிகச் சிறு வயதில் கண்ணில் பட்டவர்கள். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி 18 வயதுக்கு முன் நாடு மாறி ஆடுவது, சில விதிவிலக்குகள் தவிர, அனுமதிக்கப்படுவதில்லை. உங்கள் மகன் வேலைக்கு என்று இப்போதே புறப்பட்டாலும் கதவு பூட்டியிருக்கும். 

மற்றொன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம். முதல் பிரிவில் ஆட, பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்கவேண்டும். அவற்றில் குறைந்தபட்ச மதிப்பெண் சராசரியும் வேண்டும். கணிதம், அறிவியல், மொழி எல்லாம் அதில் அடங்கும். பள்ளியை விட்டவனுக்கு அந்தக் கதவு இல்லை. என்.பி.ஏ. டிராஃப்டுக்கே அந்த ஆண்டில் 19 வயது ஆகவேண்டும். ஆட்டத்துக்காகப் படிப்பை விடுகிறேன் என்பவன், ஆட்டத்துக்குப் போகும் சாலையைத்தான் வெட்டிக்கொள்கிறான். இதை நீங்கள் சொன்னால் அப்பா பேச்சு என்று தள்ளிவிடுவான். அவனையே விதிகளைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். டிம் டங்கனைப் பற்றியும் படிக்கட்டும். பட்டம் வாங்குவேன் என்று இறந்துபோன தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக, முன்கூட்டியே போனால் பெரும் பணம் காத்திருந்தும் நான்கு ஆண்டும் படித்து உளவியலில் பட்டம் பெற்றார். அதன்பிறகு 1997 டிராஃப்டில் முதல் பெயர், ஐந்து கோப்பைகள்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சம்பளத் தொகையைவிட ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் முக்கியம். என்னிடம் முன்பு ஆலோசனைக்கு வந்த இளைஞர் ஒருவர், ஒரு வெளிநாட்டு கிளப்பில் ஆடி இரண்டு மாதச் சம்பளம் வராமல் மாட்டிக்கொண்டார். பயிற்சியில் கணுக்கால் பிசகியதும் 'ஒப்பந்தம் முடிந்தது' என்று ஒரு செய்தி, அவ்வளவுதான். இத்தகைய வழக்குகளுக்காகவே 2007 முதல் ஃபிபாவின் ஏற்பாட்டில் கூடைப்பந்து நடுவர் மன்றம் ஒன்று இருக்கிறது. ஆனால் பூசல் வந்தால் அங்கே போவோம் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால்தான் அது வழக்கை எடுக்கும். அவருடைய ஒப்பந்தத்தில் இல்லை. முகவர் அதைப் பார்க்கவே இல்லை. ஃபிபா உரிமம் பெற்ற முகவரா, காயம்பட்டால் சம்பளம் தொடருமா, சிகிச்சைச் செலவு யாருடையது, இந்தப் பிரிவு இருக்கிறதா என்று பார்க்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். பல்கலைக்கழக ஆசை இருக்கும்வரை முகவர் பேச்சே வேண்டாம். அந்த விதிகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன, ஒரு கையெழுத்து தகுதியையே கெடுக்கலாம்.

முழங்கால் பற்றி உங்கள் மனைவி கேட்டது நியாயமான பயம். ஷான் லிவிங்ஸ்டன், அந்த 19 வயது விதி வருவதற்கு முன், பள்ளியிலிருந்து நேரே என்.பி.ஏ. போனவர், 2007இல், 21 வயதில், ஒரே விழுதலில் முழங்காலே கலைந்துபோனது. காலை எடுக்க நேரலாம் என்ற பேச்சுவரை போனது. பல அணிகள் சுற்றி, முன்பிருந்த வேகம் இல்லாமலே புது ஆட்டம் பழகி, பிறகு மூன்று கோப்பைகள் வென்றார். எல்லோருக்கும் அப்படி அமையாது. இப்போதைக்கு இறங்கும் முறை, தொடைத் தசைப் பயிற்சி, தூக்கம் ஆகிய மூன்றையும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிச் சரிபாருங்கள்.

ஆட்டம் நின்றபின் என்ன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். எரிக் ஸ்போல்ஸ்ட்ரா ஜெர்மனியில் சாதாரண கிளப்பில் இரண்டாண்டு ஆடியவர். 1995இல் மயாமி ஹீட்டின் வீடியோ அறையில் ஆட்டங்களை வெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தார். 2008இல் அதே அணியின் தலைமைப் பயிற்சியாளர். 2012, 2013இல் கோப்பை. உங்கள் மகன் தன் ஆட்டத்தின் வீடியோவைப் பார்க்கும்போது போட்ட கூடைகளை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறானா, தவறவிட்ட தடுப்புகளையும் நிறுத்திப் பார்க்கிறானா?

அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது கூடைப்பக்கம் உட்காராமல் பெஞ்சுக்குப் பின்னால் உட்காருங்கள். அவனை மாற்றியதும் எங்கே உட்காருகிறான், யாரோடு பேசுகிறான், எப்போது எழுந்து நிற்கிறான் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதை அவனிடம் சொல்லவேண்டாம், எனக்கு எழுதுங்கள். கூடவே கடைசி இரண்டு தேர்வுகளின் மதிப்பெண் பட்டியலையும் அனுப்புங்கள். உயரம் தேவையில்லை, அது என்னிடம் இருக்கிறது.